இந்தப் பிள்ளை இவ்வளவு பெறுவானா?

ஒரு புடவை என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் உடனே சொல்லிவிடுவார். அந்த விலை பெறுமா என்று கேட்டால்தான் சங்கடம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர் அல்ல, புடவையேதான். நாலு வருஷம் உடுத்தி, நாற்பது தடவை துவைத்த பிறகு அது தானாகவே பதில் சொல்லும். ஆனால் அதுவரை யார் பொறுத்திருக்கிறார்கள்? வாங்கி வந்த அன்று மாலையே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது!

புடவைக்கே இப்படியென்றால், ஒரு மனிதனுக்கு விலை பேசினால் ஊர் சும்மா இருக்குமா? அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்திலுள்ள மின்னியாபோலிஸ் நகரம் 1997-ம் வருஷம் சும்மா இருக்கவில்லை.

அந்த வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி, அந்த ஊர்க் கூடைப்பந்து அணியான டிம்பர்வுல்வ்ஸ், கெவின் கார்னெட் என்ற 21 வயது இளைஞருடன் ஆறு வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. தொகை 12 கோடியே 60 லட்சம் டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 450 கோடி ரூபாய்! அணியின் சொந்தக்காரரான கிளென் டெய்லர் 1994-ல் அந்த அணி முழுவதையும் வாங்கியதே சுமார் 8 கோடியே 80 லட்சம் டாலருக்குத்தான். வீடு வாங்கிய விலையைவிட, வீட்டுக்குள் இருந்த ஒரு தூணுக்குக் கொடுத்த விலை அதிகமாகப் போய்விட்டது.

"இந்தப் பிள்ளை இவ்வளவு பெறுவானா?" - இதுதான் ஊரெல்லாம் பேச்சு.

யார் இந்த நெட்டைப் பிள்ளை?

கார்னெட்டின் உயரம் 6 அடி 11 அங்குலம். தெற்குக் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தைச் சிக்காகோவில் முடித்தார். அமெரிக்காவில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அநேகமாகக் கல்லூரிகளில் ஆடிப் பெயர் வாங்கிய பிறகே பெரிய அணிகளுக்குப் போவது வழக்கம். இவரோ கல்லூரி வாசற்படியையே மிதிக்கவில்லை. 1995-ல் பள்ளியிலிருந்து நேரே தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டக்காரர் தேர்வுக்குப் போனார். அந்த வருஷத்துப் புதியவர்களில் ஐந்தாமவராக டிம்பர்வுல்வ்ஸ் அவரைப் பொறுக்கி எடுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அப்படி நேரே வந்தவர், இருபது வருஷங்களில் அவர்தான் முதல்.

பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடிய வாசகிகளுக்கு, ஓர் அணியில் ஐந்து பேர் என்பது ஞாபகமிருக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கி வைப்பவர்கள் இருவர். வளையத்துக்கு அடியில் கோபுரம்போல் நிற்பவர் ஒருவர். மற்ற இருவர் முன்னணி ஆட்டக்காரர்கள். அந்த இருவரில் உடல்பலம் மிகுந்தவருக்குப் 'பவர் ஃபார்வர்ட்' என்று பெயர். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தை நாலு பேருக்கு நடுவில் எம்பிப் பறிப்பது, எதிரி உள்ளே நுழையாமல் தடுப்பது, நெருக்கடியில் இடித்துக்கொண்டு நின்று பந்தைப் போடுவது - இவையெல்லாம் அவர் பாடு. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரம் ஒழித்துப் போடுகிறவரைப்போல, கண்ணில் படாத வேலை பாதிக்குமேல் அவருடையது.

கார்னெட்டின் விசேஷம், இந்த வேலையைச் செய்துகொண்டே மற்ற நாலு பேர் வேலையையும் அவர் செய்தார் என்பதுதான். குள்ளமானவர்களைப்போல் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார். சகாக்களுக்குப் பந்து கொடுப்பார். எட்டத்தில் நின்றும் எறிவார். 1997 பிப்ரவரியில், இருபது வயதிலேயே, நட்சத்திர ஆட்டக்காரர்களின் ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

இரண்டு கட்சி

ஆகஸ்டு மாதத்தில் அணி நிர்வாகம் முதலில் கொடுப்பதாகச் சொன்ன தொகை 10 கோடியே 35 லட்சம் டாலர். கார்னெட் வேண்டாமென்று சொல்லிவிட்டார்! ஊருக்குக் கோபம் வந்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பஸ்தர்கள், பத்துக் கோடியை ஒரு பையன் தள்ளிவிட்டான் என்று கேட்டால் சும்மா இருப்பார்களா?

எதிர்க் கட்சிக்காரர்களிடம் வாதத்துக்குப் பஞ்சமில்லை. அதற்கு முந்திய பருவத்தில் அணி 82 ஆட்டங்களில் 40-ல் ஜயித்து, 42-ல் தோற்றிருந்தது. சரித்திரத்தில் முதல் தடவையாக இறுதிக் கட்டப் போட்டிகளுக்குள் நுழைந்து, ஹூஸ்டன் அணியிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியிருந்தது. கார்னெட் ஆட்டத்துக்குச் சராசரியாக 17 பாயிண்டும், திரும்பும் பந்துகளில் எட்டும் எடுத்திருந்தார். நல்ல கணக்குத்தான், ஆனால் உலகத்தைப் புரட்டும் கணக்கல்ல. முந்திய வருஷம் ராட்சத ஆட்டக்காரரான ஷகீல் ஓனீலுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அணி ஏழு வருஷத்துக்குக் கொடுத்ததே சுமார் 12 கோடி டாலர். அவரைவிட இந்தப் பையன் எந்த விதத்தில் உசத்தி?

ஆதரவுக் கட்சிக்காரர்களுடைய வாதம் வேறு மாதிரியானது. அது கணக்கைவிடப் பயத்தில் பிறந்தது.

மின்னியாபோலிஸ் குளிர் மிகுந்த ஊர். சுற்றிலும் ஏரிகள். 'லேக்கர்ஸ்' என்ற புகழ்பெற்ற கூடைப்பந்து அணி அந்த ஏரிகளின் பெயரைச் சூட்டிக்கொண்டு அங்கேதான் வளர்ந்தது. 1949 முதல் 1954 வரை ஐந்து தடவை பட்டம் வென்றது. 1960-ல் அது லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோய்விட்டது. ஏரி இங்கே, பெயர் அங்கே! 1993-ல் ஊரின் ஐஸ் ஹாக்கி அணி டல்லாஸுக்குப் போயிற்று. 1989-ல் வந்த டிம்பர்வுல்வ்ஸையும் 1994-ல் நியூ ஆர்லியன்ஸுக்கு விற்க ஏற்பாடாகி, சங்கம் தடுத்த பிறகே டெய்லர் வாங்கி ஊரில் நிறுத்தினார். இப்படிப் பெற்றதையெல்லாம் வெளியூருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த ஊருக்கு, இருபது வயதில் ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறான். அவனையும் விட்டுவிட்டால் அப்புறம் எதைப் பார்க்கக் குளிரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவது? அவன் பெறுகிறானா இல்லையா என்பதல்ல அவர்கள் கேள்வி. அவன் இல்லாவிட்டால் நம் கதி என்ன என்பதே கேள்வி.

சட்டமும் கார்னெட்டின் பக்கம் இருந்தது. அப்போதைய விதிப்படி புதிய ஆட்டக்காரருக்கு மூன்று வருஷ ஒப்பந்தம். 1998 கோடையில் அது முடிந்ததும் அவர் இஷ்டப்பட்ட அணிக்குப் போகலாம். 1997 அக்டோபர் 1-ந் தேதிக்குள் புதுப்பிக்காவிட்டால் அப்புறம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஓர் அணி மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அந்தப் பருவத்தில் அது 2 கோடியே 69 லட்சம் டாலர். ஆனால் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்டக்காரரைத் தக்க வைத்துக்கொள்ள எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஒரு விலக்கு இருந்தது. லாரி பேர்ட் என்ற பழைய நட்சத்திரத்தின் பெயரால் அதைக் குறிப்பிடுவார்கள். வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதைச் செலவுக் கணக்கில் எழுதக் கூடாது என்பதுபோல ஒரு விதி! அதன்படிதான் முதல் வருஷம் 1 கோடியே 40 லட்சத்தில் ஆரம்பித்து, வருஷத்துக்கு 28 லட்சம் ஏறி, ஆறாம் வருஷம் 2 கோடியே 80 லட்சம் டாலரில் முடியும்படி ஒப்பந்தம் எழுதினார்கள்.

கதவு அடைபட்டது

இதைக் கண்ட மற்ற அணிச் சொந்தக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நாளைக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிக் கேட்டால்? 1998 ஜூலை 1-ந் தேதி சொந்தக்காரர்கள் கதவடைப்புச் செய்தார்கள். 1999 ஜனவரியில்தான் சமரசம் ஏற்பட்டது. 82 ஆட்டங்கள் ஆட வேண்டிய பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கிற்று. இதற்குக் கார்னெட் ஒருவரே காரணம் என்று சொல்வது நியாயமல்ல. ஆனாலும் சொந்தக்காரர்கள் சுட்டிக்காட்டிய உதாரணங்களில் அவருடைய ஒப்பந்தம் முன்வரிசையில் நின்றது.

அந்த மாதங்களில் கோடீசுவரர்களும் கோடீசுவரர்களும் பேரம் பேசினார்கள். ஆட்டத்தன்று தின்பண்டம் விற்றும், டிக்கெட் கிழித்தும், பெருக்கித் துடைத்தும் பிழைத்தவர்களுக்கு ஆட்டமில்லை என்றால் கூலியில்லை. பெரிய இடத்துச் சண்டையில் அடுப்பு அணைவது எப்போதும் சின்ன வீடுகளில்தான். கார்னெட்டுக்கும் ஆடாத ஆட்டங்களுக்குச் சம்பளம் கிடையாது; முதல் வருஷத் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று.

சமரசத்தில் ஒரு புது விதி வந்தது. இனி தனி ஆட்டக்காரருக்கும் உச்சவரம்பு உண்டு. அனுபவம் குறைந்தவர்களுக்குப் புது ஒப்பந்தத்தின் முதல் வருஷத்தில் 90 லட்சம் டாலர், அல்லது அணி வரம்பில் நாலில் ஒரு பங்கு - இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் கூடாது. ஏற்கெனவே எழுதியதற்கு விதிவிலக்கு. அதாவது கார்னெட் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு என்ன மிச்சம்?

கார்னெட்டுக்கு இணையாக வளர்ந்துவந்தவர் ஸ்டெஃபான் மார்பரி. பந்தைத் தட்டிக்கொண்டு போவதில் கெட்டிக்காரர். இந்த இருவரும் பத்து வருஷம் சேர்ந்து ஆடுவார்கள், ஊருக்குப் பட்டம் வரும் என்று ரசிகர்கள் கனவு கண்டார்கள். ஆனால் மார்பரியின் முறை வந்தபோது புது விதி வந்துவிட்டது. அவருக்குக் கிடைக்கக்கூடியது ஆறு வருஷத்துக்கு ஏறக்குறைய 7 கோடி டாலர்தான். ஒரே பந்தியில் பக்கத்து இலைக்கு இரட்டைப் பங்கு விழுந்தால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? சம்பள விஷயத்தில் அவருக்குக் குறை என்று அப்போது பரவலாகப் பேசிக்கொண்டார்கள். நியூயார்க்கில் வளர்ந்தவர், சொந்த ஊர்ப் பக்கமும் இழுத்தது. 1999 மார்ச்சில் நியூ ஜெர்ஸி அணிக்குப் போய்விட்டார். அதற்கு முன்பே டாம் குக்லியாட்டா என்ற மற்றொரு நல்ல ஆட்டக்காரரும் போயிருந்தார்.

கஜானாவில் பணமில்லாத வீட்டில் குறுக்கு வழி தேடும் புத்தி வருவதுண்டு. 1999-ல் ஜோ ஸ்மித் என்ற இன்னொரு பவர் ஃபார்வர்டை அணி சேர்த்துக்கொண்டது. 1995 தேர்வில் கார்னெட்டுக்கும் முன்னால், முதல் ஆளாகப் பொறுக்கப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவர் வெறும் 17 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு எப்படி வந்தார்? இப்போது குறைவாக வாங்கிக்கொண்டால் பின்னால் கோடிக்கணக்கில் தருகிறோம் என்று இரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2000 அக்டோபரில் குட்டு வெளிப்பட்டது. சங்கம் 35 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஐந்து வருஷங்களுக்கு முதல் சுற்றில் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பறித்தது. பின்னால் இரண்டை மட்டும் திருப்பித் தந்தது.

பலன் என்ன? 1997 முதல் 2003 வரை ஏழு வருஷமும் அணி இறுதிக் கட்டத்துக்குள் நுழைந்தது; ஏழு வருஷமும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. எதிர்க் கட்சிக்காரர்கள், "நாங்கள் அப்போதே சொன்னோமே!" என்றார்கள்.

ஆனால் ஒரு கணக்கை அவர்களும் மறுக்க முடியவில்லை. அந்த ஆறு வருஷ ஒப்பந்தத்தில் அணி ஆடிய சாதாரணப் பருவ ஆட்டங்கள் 460. கார்னெட் ஆடியவை 454. ஆறே ஆறு நாள் லீவு! கைநிறையச் சம்பளம் கொடுத்துவிட்டோமே, இனி சோம்பல் வந்துவிடுமோ என்று பயந்தவர்களுக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

விலை உச்சத்தில் இருந்த வருஷம்

ஒப்பந்தத்தின் கடைசி வருஷமான 2003-04-ல் சம்பளம் 2 கோடியே 80 லட்சம் டாலர். அணிக்கு உச்சவரம்பு 4 கோடியே 38 லட்சம். பத்தில் ஆறு பங்குக்கு மேல் ஒருவர் சட்டைப் பையில்! ஆனால் அந்த வருஷம்தான் கார்னெட் சங்கத்திலேயே தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். சாம் காஸெல், லாட்ரெல் ஸ்ப்ரூவெல் என்ற இரண்டு அனுபவசாலிகள் அப்போதுதான் துணைக்கு வந்திருந்தார்கள். அணி 58 ஆட்டங்களில் ஜயித்தது; முதல் சுற்றைத் தாண்டியது. இரண்டாம் சுற்றில் ஸாக்ரமென்டோவுடன் ஏழாவது ஆட்டம் 2004 மே 19-ந் தேதி நடந்தது. அன்று கார்னெட்டுக்கு 28-வது பிறந்தநாள். 32 பாயிண்டும், 21 திரும்பும் பந்துகளும் எடுத்து அணியைக் கரையேற்றினார். அடுத்த சுற்றில் லாஸ் ஏஞ்சல்ஸிடம் தோற்றார்கள். ஆமாம், இந்த ஊரை விட்டுப் போன அதே லேக்கர்ஸிடம்தான்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 அக்டோபரில் அடுத்த ஒப்பந்தம் எழுதியபோது கார்னெட் ஐந்து வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலருக்குச் சம்மதித்தார். முதல் வருஷம் 1 கோடியே 60 லட்சம். அவர் கேட்டிருந்தால் இதைவிட மிக அதிகம் கிடைத்திருக்கும். மற்றவர்களுக்கும் இலையில் ஏதாவது விழ வேண்டாமா?

ஆயினும் காலம் கடந்துவிட்டது. அடுத்த மூன்று வருஷமும் அணி இறுதிக் கட்டத்துக்கே வரவில்லை. 2005-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தோற்றுக்கொண்டே இருப்பதைப் பற்றிப் பேசும்போது கார்னெட் அழுதுவிட்டார். பணம் வாங்கியவனுக்கு என்ன கவலை என்று பேசியவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

வேறு வீட்டில் விளக்கு

2007 ஜூலை 31-ந் தேதி டிம்பர்வுல்வ்ஸ் அவரைப் பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டது. மாற்றாக வந்தது ஐந்து ஆட்டக்காரர்களும், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு உரிமைகளும். முந்திய பருவத்தில் பாஸ்டன் அணி ஜயித்தது 24 ஆட்டம். கார்னெட் வந்த பருவத்தில் 66. அங்கே பால் பியர்ஸ், ரே ஆலன் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் அவருக்குத் தோள் கொடுத்தார்கள். 2008 ஜூனில் லேக்கர்ஸை வென்று பட்டம் கைக்கு வந்தது. எதுவும் சாத்தியம் என்று அவர் ஆகாயத்தைப் பார்த்துக் கத்தியதை உலகமே கேட்டது.

அதே கார்னெட்தான், வீடு மாத்திரம் வேறு. ஆக, மின்னியாபோலிஸ் ரசிகர்கள் பல வருஷம் சண்டையிட்ட கேள்வியே சற்றுப் பிசகிப்போன கேள்வி என்று தோன்றுகிறது. பிள்ளை அந்த விலை பெற்றான், அதில் சந்தேகமில்லை. அந்த விலையைக் கொடுத்த பிறகு மிச்சப் பணத்தில் குடும்பத்தை எப்படி நடத்துவது என்பதில்தான் கோளாறு. விலை உயர்ந்த பட்டுப்புடவை வாங்கியது தப்பில்லை; மாதம் முழுவதற்கும் அரிசி எங்கே என்று யோசிக்காததுதான் தப்பு.

அதே மைதானத்தில்

நம் வாசகிகளுக்காக இன்னொரு விஷயம். அதே மின்னியாபோலிஸில், அதே டார்கெட் சென்டர் மைதானத்தில், 1999 முதல் பெண்கள் அணி ஒன்றும் ஆடிவருகிறது. 'லிங்க்ஸ்' என்று பெயர். 2011, 2013, 2015, 2017 ஆகிய வருஷங்களில் நாலு தடவை பட்டம் வாங்கிற்று. அவர்களுக்கும் ஒரு பவர் ஃபார்வர்ட் இருந்தார்: ரெபெக்கா பிரன்ஸன். அவருடைய பழைய அணி 2009-ல் கலைந்துபோனபோது, அதன் ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டன. அப்படிப் பங்கில் வந்தவர். பழைய அணியில் ஒன்று, லிங்க்ஸில் நாலு - ஆக ஐந்து பட்டம் அவருக்கு. அந்த வருஷங்களில் பெண்கள் சங்கத்தில் ஒருவருக்கு அதிகபட்சச் சம்பளமே ஆண்டுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் அளவில்தான் இருந்தது. அவர் இவ்வளவு பெறுவாரா என்று எந்தத் தெருவிலும் விவாதம் நடக்கவில்லை. விலை பேசப்படாத இடத்தில் மதிப்பைப் பற்றிய பேச்சும் எழுவதில்லை போலும்!

அன்று மலைக்க வைத்த தொகைகள் இன்று சாதாரணமாகிவிட்டன. 2024-ல் பாஸ்டன் அணி ஜேஸன் டேட்டம் என்பவருக்கு ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தது 31 கோடியே 40 லட்சம் டாலர். டெய்லர் 8 கோடியே 80 லட்சத்துக்கு வாங்கிய டிம்பர்வுல்வ்ஸுக்கும், பெண்கள் அணிக்கும் சேர்த்து 2021-ல் பேசி முடித்த விலை 150 கோடி டாலர். தூணுக்கு அதிகம் கொடுத்துவிட்டார் என்று அவருக்காக வருத்தப்பட்டவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

2015 பிப்ரவரியில், 38-வது வயதில், கார்னெட் மறுபடியும் மின்னியாபோலிஸ் அணிக்கே வந்தார். முழங்கால்கள் தேய்ந்துபோன காலம். வந்த பிறகு அந்தப் பருவத்தில் ஐந்தே ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. ஆனால் பிப்ரவரி 25-ந் தேதி, வாஷிங்டன் அணியுடன் ஆட்டம் தொடங்குமுன் அவர் பெயரை அறிவித்தபோது, நிறைந்திருந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 1997-ல் ஆதரவாகப் பேசியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்; எதிர்த்துப் பேசியவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு கட்சியாரின் கைதட்டலும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும்.